ஒனக்குக் கீழ எத்தன குடி?

சென்ற மாதம் என் பிறந்தநாளுக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு பரிசு அனுப்பியிருந்தான். மின்னஞ்சலில் வந்த ஒரு சான்றிதழ். ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் என் பெயரில் வாங்கப்பட்டிருப்பதாகவும், இனி நான் என்னை 'லார்டு' என்று அழைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு சிங்கம், ஒரு கேடயம். அடியில் சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து. யூடியூப் பார்க்கிற தோழர்கள் இந்த விளம்பரத்தைத் தாண்டி வராமல் இருந்திருக்க முடியாது. கிண்டலுக்கு அனுப்பியதுதான். நானும் சிரித்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து, ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டேன்.

கீழச்சிவல்பட்டிக்கு வந்து அப்பத்தாவிடம் காட்டினேன். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. செட்டியார் வீடுகளின் கொல்லை வாசலில் நின்று நெல் அவித்தும், கண்மாய்க்குக் கீழே நடவு நட்டும் பிள்ளைகளை வளர்த்தவர். ஊரே பார்த்து வியக்கிற அந்தப் பெரிய வீடுகளின் முன்வாசல் பளிங்கை அவர் மிதித்ததில்லை.

"லார்டுன்னா என்னய்யா?"

"சீமையில ஜமீன்தார் மாதிரி, அப்பத்தா."

அவர் சிரிக்கவில்லை. தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒனக்குக் கீழ எத்தன குடி?" என்று கேட்டார்.

குடி என்றால் எங்கள் பக்கம் வீடு, குடும்பம். ஜமீனுக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் கட்டுப்பட்டு வேலை செய்கிறவர்களுக்குக் குடிபடை என்று பெயர். முடி திருத்துகிறவரைக் குடிமகன் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் 'குடிமகன்' என்றால் வாக்குரிமை உள்ளவர் என்று படித்துவிட்டுத் தெருவுக்கு வந்தால், அதே சொல் வேறு ஒருவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லும். அரசியல் சட்டம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

அப்பத்தா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் ஒரு பட்டத்தை எதை வைத்து அளக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாளில் இருந்த சிங்கமும் கேடயமும் அவருக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. கீழே நிற்கிறவர்களை எண்ணச் சொன்னார்.

அந்தக் கணக்கை வைத்து முதலில் ஸ்காட்லாந்தையே பார்த்துவிடலாம். அங்கே பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் ஐந்து படிகளாக இருக்கின்றன. மேலே டியூக், அடுத்து மார்க்வெஸ், எர்ல், வைகவுண்ட், கடைசியில் லார்டு ஆஃப் பார்லிமென்ட். இதற்கும் கீழே நிலத்தோடு ஒட்டிய 'பாரன்' என்று ஒன்று. நிலம் கைமாறினால் பாரன் பட்டமும் கைமாறும். நிலவுடைமை முறையை ஒழிக்கும் சட்டம் ஒன்றை 2000-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2004 நவம்பர் 28-ல் அது நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பாரன் பட்டம் நிலத்திலிருந்து கழன்றுவிட்டது. இன்று அதைத் தனியாக, வெறும் பெயராக, பணம் உள்ள யாரும் விலைக்கு வாங்கலாம். என் நண்பன் வாங்கித் தந்தது அதுவும் இல்லை. நினைவுப் பொருளாக விற்கப்படும் இந்த ஒரு சதுர அடி, அரை சதுர அடித் துண்டுகளை அங்குள்ள நிலப்பதிவேடு ஏற்பதே கிடையாது. பட்டங்களையும் இலச்சினைகளையும் கவனிக்கும் லார்டு லயன் அலுவலகம் இதற்கெல்லாம் எந்த மதிப்பும் இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. ஆக, என்னிடம் இருப்பது குடியும் இல்லாத, நிலமும் இல்லாத வெற்றுத்தாள்.

ஆனால் குடிகளோடு இருந்த பட்டங்கள் என்ன செய்தன? ஸ்காட்லாந்தின் வடக்கே சதர்லாந்து. அதன் எர்ல் 1766-ல் இறந்தபோது வாரிசாக இருந்தது ஒரு வயதுப் பெண் குழந்தை எலிசபெத். பெண்ணுக்குப் பட்டம் போகுமா என்று வழக்கு நடந்து, 1771-ல் பிரபுக்கள் சபை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பழைய ஸ்காட்டிஷ் பட்டங்கள் பல பெண்களுக்கும் போகக்கூடியவை. இங்கிலாந்தில் அவ்வளவு எளிதில்லை. பெண்ணுரிமைக்கு ஒரு வெற்றி என்று கைதட்டத் தோன்றும். அந்தக் குழந்தை வளர்ந்து எஸ்டேட்டை எடுத்துக்கொண்டபின் நடந்ததை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் எழுதியிருக்கிறார். 1814-லிருந்து 1820-க்குள் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள், 15,000 பேர், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. வீடுகளுக்குத் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எஸ்டேட் காரியஸ்தர் 1816-ல் விடுதலையானார். கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் நிலக்கிழார்கள் 1973-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதை அறிந்த நமக்கு அந்தத் தீர்ப்பில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. எலிசபெத்தின் கணவர் 1833-ல் டியூக் ஆனார். விரட்டியதற்குத் தண்டனை இல்லை, பட்டம் ஒரு படி உயர்ந்தது.

இப்போது நம் சிவகங்கைக்கு வருவோம். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி, தனக்கு ஒத்துப்போன கௌரிவல்லபரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் ஆக்கியது. அதாவது, இரண்டு நூற்றாண்டுகளாக நம்மூரில் 'அரச பரம்பரை' என்று வணங்கப்படும் அந்தப் பட்டம் ஒரு கம்பெனியின் கோப்பில் பிறந்தது. அவர் 1829-ல் இறந்ததும் வாரிசுச் சண்டை ஆரம்பித்தது. சகோதரர் மகன்களா, மகளா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு. 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு இது 'சிவகங்கை வழக்கு' என்று இன்றும் பாடம். தனிச் சொத்தா, கூட்டுக் குடும்பச் சொத்தா என்பதற்கு மேற்கோள். வேலுநாச்சியாரைக் கொண்டாடுகிற நாம் காத்தம நாச்சியாரின் பிடிவாதத்தையும் பாராட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளும், வழக்குச் செலவு முழுவதும் வாரமாகவும் குத்தகையாகவும் யாருடைய களத்திலிருந்து போனது? சதர்லாந்தின் எலிசபெத்தையும் சிவகங்கையின் காத்தம நாச்சியாரையும் நீதிமன்றங்கள் வாரிசு என்று ஏற்றன. உழுதவன் எந்த நீதிமன்றத்தின் கணக்கிலும் வரவில்லை.

பட்டத்தைக் கொடுத்தவனைப் பற்றி இவ்வளவு போதும். அதைத் துறக்க முடிந்தவனைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நம் சாதிக்கும் அவர்கள் பிரபுத்துவத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

1963-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பரம்பரைப் பட்டம் வேண்டாம் என்கிறவர் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஏன் வந்தது என்றால், அன்று பட்டம் உள்ளவர் மக்கள் சபைக்குப் போட்டியிட முடியாமல் இருந்தது. பிரபுக்கள் சபைதான் அன்று அவருக்கு. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் பதவி காலியானது. ஆளும் கட்சி தேர்ந்தெடுத்த ஆள், ஸ்காட்லாந்தின் 14-வது ஹோம் எர்ல். (எழுதுவது ஹோம், சொல்வது ஹ்யூம். பிரபுக்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதிலும் தனிச் சலுகை.) அவர் ஒரு தாளில் கையெழுத்திட்டுப் பட்டத்தைத் துறந்தார், அலெக் டக்ளஸ்-ஹோம் ஆனார், இடைத்தேர்தலில் நின்று வென்றார். எர்ல் பட்டத்தைத் துறந்தவரின் கையில் இருந்தது பிரதமர் பதவி. அவர் 1995-ல் இறந்ததும் பட்டம் தானாக மகனிடம் போய்ச் சேர்ந்தது. துறந்தவரின் ஆயுள் முடியும்வரை அது வாசலில் காத்திருந்திருக்கிறது.

மேலே இருப்பவன் ஒரு கையெழுத்தில் வெளியேறலாம். கீழே இருப்பவன்?

பிரபுத்துவம் பரம்பரைப் பட்டத்தை மேலே உள்ள சில நூறு குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்தது. மற்றவர்கள் எல்லாம் பெயர் இல்லாத பொதுமக்கள். சாதி அப்படி இல்லை. அது மிகத் தாராளமானது. அது எல்லோருக்கும் பரம்பரைப் பட்டம் கொடுக்கிறது, ஒருவரையும் விடாமல். பிணம் எரிப்பதற்கு ஒரு பரம்பரை, சாவுக்குச் சேதி சொல்வதற்கு ஒரு பரம்பரை, கண்மாய் மடை திறப்பதற்கு ஒரு பரம்பரை. வெள்ளைக்கார அரசு இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 1895-ன் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், கணக்குப்பிள்ளை வேலை கணக்குப்பிள்ளை மகனுக்கு, வெட்டி வேலை வெட்டி மகனுக்கு என்று வாரிசு வரிசை போட்டது. மேலே இருந்தவருக்கு அது சொத்து. கீழே இருந்தவருக்கு அது விலங்கு. இரண்டையும் ஒரே சட்டம் 'உரிமை' என்று அழைத்தது.

குடியரசு வந்தபின் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு கிராமப் பதவியை வம்சாவளி பார்த்துக் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று சொன்னது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-ல் அதை ஏற்றது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று தேர்வு எழுதி யாரும் அந்த நாற்காலிக்குப் போகலாம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி போயிருக்கிறாள். ஆனால் சுடுகாட்டு வேலைக்குத் தேர்வு எழுதி யாரும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மேல்படியில் பரம்பரை உடைந்ததும் அந்த இடம் எல்லோருக்கும் திறந்தது. கீழ்ப்படி இன்னும் அதே குடும்பத்தின் பெயரில் இருக்கிறது, எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமல்.

பட்டத்துக்கு ஆசைப்படுவதில் நம்மவர்கள் சளைத்தவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயன் மன்னர்களுக்குப் பீரங்கிக் குண்டு எண்ணி மரியாதை செய்தான். 21-ல் தொடங்கி 9 வரை இரண்டிரண்டாக இறங்கும் வரிசை. இரண்டு குண்டு கூட வாங்குவதற்குச் சமஸ்தானங்கள் லண்டன் வரை மனுப் போட்டன. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரிஸ்லி என்ற ஆணையர் சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசைப்படி அடுக்கப் புறப்பட்டபோது, நாங்கள் சத்திரியர், நாங்கள் வைசியர் என்று நாடெங்கிலுமிருந்து மனுக்கள் குவிந்தன. அடுக்கையே எடுத்துவிடு என்று கேட்டு வந்த மனுக்கள் அந்தக் குவியலில் அரிது. அம்பேத்கர் இதைத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்றார்: ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒருவன் கிடைத்துவிடுவதால், மிதிக்கிற காலை எதிர்த்து எல்லோரும் ஒன்றுசேர்வதில்லை.

எங்கள் செட்டிநாட்டுக்கு ஒரு ராஜா இருந்தார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார். வட்டிக்கடையிலும் வங்கியிலும் பொருள் சேர்த்த குடும்பம். 1923-ல் சர் பட்டம். 1929-ல் 'ராஜா' என்ற பரம்பரைப் பட்டம். படை கிடையாது, எல்லை கிடையாது. ஆனால் மகனும் ராஜா. சிதம்பரத்தில் அவர் உண்டாக்கிய பல்கலைக்கழகத்தில் படித்து வெளியே வந்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு, அதற்குரிய மரியாதையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கல்லூரி கட்டிய கைக்கு ஏன் 'ராஜா' என்று பெயர் வைக்க வேண்டும், அது ஏன் பிறக்காத பேரனுக்கும் போக வேண்டும்? எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர் உண்டு, பாடுவார் முத்தப்பர். பாடியதால் பாடுவார். அப்படி வருகிற பெயரில் யாருக்கும் வழக்கில்லை.

அதே 1929-ஐக் கவனியுங்கள். பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். மாநாட்டுத் தலைவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் தன் பெயரிலிருந்து 'நாடார்' என்பதை எடுத்தார். அது சின்ன விஷயமா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். முப்பது ஆண்டுகள் பின்னால் போய்ப் பாருங்கள். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். எதிர்த்து வழக்குப் போட்டவர் கோயிலின் பரம்பரை அறங்காவலர், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணைநின்ற அதே பெருமகன். கீழ்க்கோர்ட், ஐகோர்ட், கடைசியில் 1908-ல் பிரிவி கவுன்சில், எல்லா இடத்திலும் நாடார்கள் தோற்றார்கள். அந்த அவமானத்துக்குப் பதிலாகச் சாதிப் பெயரைப் பெருமையாகத் தூக்கிப் பிடிப்பதுதான் எளிய வழி. பலர் அதைச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். சௌந்தரபாண்டியன் மறுபக்கம் போனார்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1944 ஆகஸ்ட் 27, சேலம். நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய மாநாடு. அண்ணாதுரை தீர்மானம் என்று சொல்லப்படுவதில் இரண்டு செய்திகள் ஒன்றாக இருந்தன. சர், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளையன் தந்த பட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள்; பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதீர்கள். சரிகைத் தலைப்பாகைகள் சில அன்றே எழுந்து வெளியே போயின, போகட்டும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் எனக்கு அந்தத் தீர்மானத்தில் பிடித்தது. முன்னால் ஒட்டுகிற 'சர்'ரும் பின்னால் ஒட்டுகிற சாதியும் ஒரே சரக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இதில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். 18-வது பிரிவு சொல்கிறது: படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது, அயல்நாட்டு அரசிடமிருந்தும் குடிமகன் பட்டம் வாங்கக் கூடாது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து நிலம் போயிற்று. 1971-ல் 26-வது திருத்தம் வந்து மன்னர் மானியம் போயிற்று. பத்ம விருதைக்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் 18-வது பிரிவு கட்டுவது அரசின் கையை மட்டும். ஊர் கொடுக்கும் பட்டத்தை அது தொடுவதில்லை. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. ஆனால் தீண்டாமையின் மறுமுனையில் ஒருவன் தலையில் கட்டும் பரிவட்டத்தைப் பற்றி அது பேசவில்லை. பெரிய பட்டங்கள் அரசின் தாளில் இருந்தன, தாளைக் கிழித்ததும் போயின. சின்னப் பட்டங்களுக்குத் தாளே கிடையாது. எதைக் கிழிப்பது?

அந்தச் சின்னப் பட்டங்கள் என்னவென்று எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்பலம், நாட்டார், முதல் மரியாதை, காளாஞ்சி, பரிவட்டம். ஒரு தட்டில் இருக்கிற தேங்காய் மூடியும் வெற்றிலையும் முதலில் யார் கைக்குப் போகும் என்பதற்காக மண்டை உடைந்த ஊர்கள் இங்கே எத்தனை! வெளியூர்த் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்தத் தட்டுதான் ஊரின் நிலப்பதிவேடு. யார் ஊர், யார் ஊருக்கு வெளியே என்பது அங்கேதான் எழுதப்படுகிறது.

தேவகோட்டைப் பக்கம் கண்டதேவி. சொர்ணமூர்த்தீசுவரர் கோயில், சிவகங்கைச் சமஸ்தானம் தேவஸ்தானத்தைச் சேர்ந்தது; ஜமீன் போய் இத்தனை ஆண்டாகியும் 'சமஸ்தானம்' என்ற சொல் போகவில்லை. ஆனித் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறவுசேரி என்று நான்கு நாடுகள், நாட்டார்களுக்கு வடம் பிடிக்கும் உரிமை. தலித் மக்களும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி 1998-ல் வெடித்தது. நீதிமன்றம் எல்லோரும் பிடிக்கலாம் என்றது. பிறகு நடந்ததுதான் பார்க்க வேண்டியது: தேரே ஓடவில்லை. இடையில் சில ஆண்டுகள் போலீஸ் படை சூழத் தேர் நகர்ந்தது, மறுபடி நின்றது. 2024 ஜூனில், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில்தான் ஓடியது. தன் பட்டத்தைப் பகிர்வதைவிடச் சாமி தெருவுக்கு வராமலே இருக்கட்டும் என்று ஒரு தலைமுறை முழுக்க இருக்க முடிந்திருக்கிறது என்றால், அங்கே பக்திக்கு எவ்வளவு பங்கு, பட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். இதே உஞ்சனையில்தான் 1979-ல் புரவி எடுப்புத் திருவிழாத் தகராறில் தலித்துகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் மேலவளவு. 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30-ல் பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு ஊராட்சித் தலைவரிடம் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, கண்மாய் மீன் ஏலம். ஏலம் பெரிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் மேலே, பிறப்பால் வந்த அம்பலத்தின் ஊரில் வாக்கால் வந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எர்ல் பட்டத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் வாக்குக் கேட்க வந்தபோது பிரிட்டனில் யாரும் யாரையும் வெட்டவில்லை. இங்கே வெட்டியான் என்ற பட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வாக்குக் கேட்க வந்தால் வெட்டுகிறார்கள்.

கீழே உள்ள பட்டத்தைச் சட்டம் எடுக்க முயல்வதே இல்லை என்று சொல்லமாட்டேன். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். முகவரியே பட்டமாக இருந்த சொல் அது. வேலைக்கு விண்ணப்பம் போட்டால் நமக்கு முன்னால் அது போய் நின்றுகொள்ளும். பலகையை மாற்றிவிடலாம். பக்கத்து ஊரில் நடந்துகொண்டிருப்பதை எந்தப் பலகையை மாற்றிச் சரிசெய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. என் எழுத்தால் அங்கிருப்பவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது. என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர். வைகாசியில் அம்மன் திருவிழா. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் இவ்வளவு என்று வீடு வீடாக வாங்குவார்கள். எங்கள் மக்களிடம் வாங்க மாட்டார்கள். ஏழைகள் என்ற இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வரி வாங்கினால் பெயர் நோட்டில் ஏறும். நோட்டில் ஏறினால் ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் கொடுக்க வேண்டும், சாமி அந்தத் தெருவுக்கும் வர வேண்டும். வரிக்குப் பதிலாக நம்மிடம் அவர்கள் எதிர்பார்ப்பது கொட்டு, பந்தல் கால், செத்த ஆட்டுத் தோல்.

உலகத்தில் எங்கேயும் மக்கள் வரி கட்ட மாட்டோம் என்றுதான் போராடுவார்கள். எங்கள் பிள்ளைகள் வரி கட்டியே தீருவோம் என்று போராடுகிறார்கள். சித்திரை கடைசியில் 41 குடும்பத்திலும் 500 ரூபாய் வீதம் சேர்த்து, 20,500 ரூபாயை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, அத்தை மகனும் இன்னும் நாலு பேரும் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் போயிருக்கிறார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மிக மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

"ஒங்களுக்கு எதுக்குப்பா வரி? நீங்கதான் வேல செய்யிறீங்களே."

"வேலைக்குக் கூலி குடுங்க அண்ணே, வரிய வாங்கிக்கங்க."

"அதெல்லாம் வழக்கம் இல்லப்பா."

வழக்கம் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் பரம்பரைப் பட்டம் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சு நகரவில்லை. பிள்ளைகள் மனு எழுதினார்கள். தாலுகா அலுவலகத்தில் ஒருமுறை அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. "இந்த வருஷம் முடியட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்கள். இந்த 'அடுத்த வருஷம்' என்பதை அத்தை மாமாவின் காலத்திலும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை, இந்த ஆண்டு கொட்டு அடிக்கவும் போகவில்லை. அவர்கள் பட்டத்தைத் துறக்கிற தாள் அதுதான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வாங்கிக்கொள்ள அலுவலகம் இல்லை. வெளியூரிலிருந்து பேண்டு செட்டு வரவழைத்துத் திருவிழாவை நடத்திவிட்டார்கள். அதன்பின் இரண்டு வாரம் அத்தை வீட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் யாருக்கும் வேலை சொல்லவில்லை. இரண்டாவது பேச்சுவார்த்தைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

சான்றிதழை அப்பத்தா திருப்பிக் கொடுக்கவே இல்லை. அரிசிப் பானைக்கு மூடியாக இருக்கும் தட்டின் அடியில் மடித்து வைத்திருக்கிறார். நேற்று தொலைபேசியில் பேசியபோது அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. இதைக் கேட்டார்:

"அந்தக் காச வாங்கிட்டாகளாய்யா?"

"இன்னும் இல்ல அப்பத்தா. ஒறயிலயே இருக்கு."